நெமோட்டோவின் இருமல்

இந்த வருஷமும் சிவந்த இலை ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை. நவம்பர் முதல் தேதி காலையில், பல் தேய்த்துக்கொண்டே இப்படி ஒரு சபதம் எடுத்தேன்.

டோக்கியோவில் குடியிருந்துகொண்டு இப்படிச் சபதம் எடுக்க நெஞ்சுரம் வேண்டும். நவம்பரில் இலை சிவந்தால் ஊரே மேபிள் மரத்தை அண்ணாந்து பார்க்கக் கிளம்பிவிடும். டி.வி.யில் மழை நிலவரம் சொன்ன கையோடு இலை நிலவரமும் சொல்வார்கள். விழப்போகிற இலைக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு எரிச்சலாக வரும். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் சோதிக்கும் உத்தியோகம் பார்த்தவன் நான். மேலே போவேன், கீழே வருவேன். நின்று பக்கத்தில் பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்படவே இல்லை.

என் மனைவி கிகுயேவுக்கு ஒரே ஆசை. ஹினாதா பூங்காவில், குளத்தங்கரை மேபிளுக்கு அடியில், என்னோடு ஒரு தடவை நடக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். "ரிடையர் ஆனதும் போகலாம்" என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆகித் தொலைத்தேன். புதுச் சாக்கு தேவைப்பட்டது.

என் பிரச்சினை சனிக்கிழமை. கிகுயேவுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆகாது, மற்ற நாட்களில் அவளுக்குத் தையல் வகுப்பு. மிச்சம் இருப்பது சனிக்கிழமைதான். அன்றைக்குப் பத்து மணி முதல் நாலு மணி வரை எதிர்வீட்டு ஓண்டாவோடு நான் கோ என்கிற பலகை ஆட்டம் ஆடியாக வேண்டும். கறுப்புக் காய் எனக்கு, வெள்ளைக் காய் அவருக்கு, தோல்வி எனக்கு. ஓண்டா பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோற்கடிப்பதையும் வலிக்காமல் செய்வார்.

ஹினாதா பூங்கா ஆபீசுக்குப் போன் செய்தால் இலை நிலவரம் சொல்வார்கள். பச்சை, தொடக்கம், பாதி, உச்சம், உதிர்வு என்று ஐந்து கட்டம். இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு வழி பிறந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். எந்த எண்ணையும் அழுத்தாமல் ஐந்து நிமிஷம் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

"என்னங்க சொன்னாங்க?"

"இன்னும் பச்சையாத்தான் இருக்காம்."

"யாரு சொன்னது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"நெமோட்டோன்னு ஒருத்தர்."

"நல்லாப் பேசினாரா?"

"பாவம், இருமிக்கிட்டே பேசறார்."

"ஐயோ, இந்தக் குளிர்ல."

இப்படிப் பிறந்தார் நெமோட்டோ. அடுத்த சனிக்கிழமை இலை 'தொடக்கம்' என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை, "நேத்து அடிச்ச காத்துல எல்லாம் கொட்டிப்போச்சு" என்று அழாத குறையாகச் சொன்னார். உச்சம் என்பது எப்போதும் இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவே, லிஃப்ட் கதவு இடுக்கு அளவுக்குத்தான் திறந்து மூடியது. கிகுயே எடுத்து வைத்த கோட்டைத் திரும்ப அலமாரியில் மாட்டினாள்.

கோட்டை மாட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் ஓண்டா வீட்டுக்குப் போனேன்.

நாலு வருஷத்தில் நெமோட்டோ நன்றாக வளர்ந்துவிட்டார். அவர் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். மாமியாரை அவர் வீட்டோடு கொண்டுவந்து விட்டேன். ஒரு நாய்கூட வாங்கிக் கொடுத்தேன். கிகுயே ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். "நாய் சாப்பிடுதா?" என்பாள். பொய் சொல்கிறவனுக்கு இப்படி ஒரு மனைவி வாய்த்தால் வேறென்ன வேண்டும் என்று நான் பூரித்துப்போவேன்.

இந்த வருஷம் நவம்பர் நாலாவது சனிக்கிழமை. பால்கனிக்குக் கிளம்பினேன். சாப்பாட்டு மேஜையில் ஊதாத் துணியில் முடிந்த ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது.

"என்னது?"

"வருஷக் கடைசி வருதில்ல. நெமோட்டோ சானுக்கு மரியாதை செய்ய வேணாமா? நாலு வருஷமா உங்களுக்கு ஓயாம பதில் சொல்லியிருக்காரு. இஞ்சி மிட்டாயும் தேயிலையும் வச்சிருக்கேன். இருமலுக்கு நல்லது." இல்லாத மனுஷனுக்கு 'சான்' என்று மரியாதைப் பட்டம் வேறு.

"தபால்ல அனுப்பிடலாமே."

"நேர்ல குடுக்கறதுதான் முறை."

"நீயே போய்க் குடேன்."

"பேசறது நீங்க, மரியாதை செய்யறது நானா? அவரு என்ன நெனப்பாரு? பெட்டி சுத்தின துணியை மட்டும் மறக்காம திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க. அப்படியே அவரு கையால நன்றின்னு ஒரு கார்டு எழுதி வாங்கிக்கங்க. வீட்டுல வச்சுக்கலாம்."

பெட்டியோடு நேராக ஓண்டா வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் பெட்டியைத்தான் முதலில் பார்த்தார்.

"இங்கேயே பிரிச்சுத் தின்னுடலாம், கஜிவாரா சான்."

"கார்டு?"

"நான் எழுதறேன்."

"தெருச் சுற்றறிக்கையில மாசாமாசம் கையெழுத்துப் போடறீங்களே. உங்க கோழிக்கிறுக்கலை அவ தூக்கத்துலகூடக் கண்டுபிடிச்சிடுவா."

"அப்ப ஒரே வழி. பார்க்குக்குப் போங்க. ஆபீஸ்ல யாராவது இளகின மனசுக்காரரா இருப்பாரு. மிட்டாயை அவருக்கே குடுத்துட்டு, நெமோட்டோன்னு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க."

"நம்ம ஆட்டம்?"

"தோக்கறதுக்கு என்ன அவசரம்? அடுத்த வாரம் தோத்துக்கலாம்."

பஸ் ஏறினேன். பூங்கா வாசலில் பலகை. அதில் பெரிய எழுத்தில் 'உச்சம்'.

பலகையைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. குளத்தங்கரைக்கு வந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. மரம் சிவப்பாக இருந்தது என்று சொன்னால் அது போதாது. மரத்துக்கு அடியில் நின்றவர்களின் முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னைவிட வயதான ஒருவர், மனைவியின் தலையில் விழுந்த இலையை எடுத்து, எறியாமல் தன் தொப்பியில் செருகிக்கொண்டார். அந்த அம்மாள் அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் ஒரு பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்துநாலு நவம்பர்களை ஒருத்தியிடமிருந்து திருடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இதில் கடைசி நாலை, நெமோட்டோ என்கிற அப்பாவியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு திருடியிருக்கிறேன்.

ஆபீசுக்குள் நுழைந்தேன். பச்சை அங்கி போட்ட தொண்டர்கள் மூன்று பெண்கள், ஒரு கிழவர். எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தொண்டையைச் செருமினேன். "மன்னிக்கணும். இங்க... நெமோட்டோ சான்னு யாராவது..."

நாலு பேரும் டக்கென்று எழுந்து நின்றார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் ஆவலாகக் கேட்டார்.

"நாய்க்கு இப்ப எப்படி இருக்கு?"

அவர்களுக்குப் பின்னால், போன் மேஜையில் உட்கார்ந்திருந்த ஐந்தாவது பச்சை அங்கி திரும்பியது. என் கிகுயே.

"வாங்க. நெமோட்டோ சான் இன்னிக்கு லீவு. பெட்டியை இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். அவள் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, என் கையில் வைத்தாள்.

"நீ... இங்க எப்போலேருந்து?"

"மூணு வருஷமா. சனிக்கிழமை பத்துலேருந்து மூணு வரைக்கும். நீங்க திரும்பறதுக்குள்ள வந்து சோறு வச்சிடுவேன்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கண்டுபிடிக்கவா வந்தேன்? மொத வருஷமே அந்த மனுஷனுக்கு இருமல் மருந்து குடுக்கலாம்னு வந்தேன். அப்படி ஒருத்தரும் இல்லன்னாங்க. அதுவுமில்லாம இந்த ஆபீஸ் திறக்கறதே பத்து மணிக்கு. நீங்க ஒன்பதுக்கே பேசி முடிச்சிடறீங்க."

பச்சை அங்கிகள் நாலும் ரொம்ப மும்முரமாகத் தேநீரைப் பார்த்தன.

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே, கிகுயே."

"கேட்டா அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பீங்க, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. எனக்கு அது வேணாம்." போனை ஒருதரம் பார்த்தாள். "இங்க போன் எடுக்க ஆள் இல்லன்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். என்னிக்காவது ஒரு நாள் நீங்க நெசமாவே அடிப்பீங்க, நான் எடுத்து 'உச்சம், உடனே வாங்க'ன்னு சொல்லலாம்னு நெனச்சேன். மூணு வருஷமா ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அப்படித்தான் எடுத்தேன்."

கையிலிருந்த துணியை எட்டாக மடித்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அறுபத்தாறு வயதில், நாலு தொண்டர்களுக்கு முன்னால் அழுவது நன்றாக இருக்காது.

மூன்று மணிக்கு அவள் வேலை முடிந்தது. குளத்தங்கரையில் நடந்தோம். நான் இலை பார்த்தேன், அவளையும் பார்த்தேன். அவள் தலையில் ஓர் இலை விழட்டும் என்று காத்திருந்தேன். விழவில்லை. நானே ஒன்றைப் பொறுக்கி வைத்தேன். "என்னங்க இது, குப்பையை எடுத்துத் தலையில வைக்கிறீங்க" என்று திட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

"ஒரு விஷயங்க," என்றாள். "சனிக்கிழமை போனுக்கு இன்னொரு ஆள் வேணுமாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"சனிக்கிழமையா? அன்னிக்கு கோ..."

"உங்க பேரைன்னா, கஜிவாரான்னு குடுக்கல. அந்தப் பேரை இங்க யாருக்குத் தெரியும்?"

அடுத்த சனிக்கிழமை போன் மேஜையில் உட்கார்ந்தேன். பச்சை அங்கி. மார்பில் அட்டை. காற்று அடிக்காததால் பலகையில் இன்னும் 'உச்சம்' தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிகுயே இஞ்சி மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து வைத்தாள். பத்து மணி அடித்ததும் போனும் அடித்தது.

"சார், ஒரு சின்ன உதவி," என்றது ஓர் ஆண் குரல், ரகசியமாக. "கோ ஆட வர்றவர் வரலைன்னதும் என் சம்சாரம் இலை பாக்கக் கிளம்புன்னு உயிரை எடுக்கறா. இப்ப ஸ்பீக்கர்ல போடறேன். எல்லாம் உதிர்ந்துடுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

பல் பிடுங்கும்போதுகூடப் பதறாத ஓண்டாவின் குரல். நான் கிகுயேவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெமோட்டோ பேசறேன். உச்சம். அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க," என்று சொல்லிவிட்டு, இரண்டு தடவை இருமினேன்.