ரத்தினவேல் காரில் மாப்பிள்ளையை ஏற்ற வேண்டாம்

ஓசூர்
20.8.1991

கிருஷ்ணகிரியில் இருக்கும் மதிப்புக்குரிய மாமா நாராயணப்பன் அவர்களுக்கு மூத்த மருமகன் மாதப்பன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மகள் சரோஜாவும் சுகம், லேத் பட்டறையும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் கல்யாணம் முடியும் வரையாவது அடங்கியிருக்க மாரியம்மன் அருள வேண்டும்.

கடைக்குட்டி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார் வேண்டாம், இளைய மருமகன் ரத்தினவேலின் காரே போதும் என்று நீங்கள் சொன்னதாகச் சரோஜா சொன்னாள். எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. என் கார் சின்னதுதான், ஆனால் புத்தம் புதுசு, சீட்டின் பாலிதீன் உறையைக்கூட நான் இன்னும் கிழிக்கவில்லை. தக்காளிக்கு ஒரு வருஷம் விலை ஏறிவிட்டது என்பதற்காகக் கெலமங்கலத்துக்காரர் ஒருவர் பெங்களூரு போய், யாரோ எஸ்டேட் முதலாளி இருபது வருஷம் ஓட்டிக் கழித்த வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உங்கள் மானம் போகக்கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது மாமா. சத்தமே வராது. ஓடும்போது உள்ளே உட்கார்ந்து கடிதம் எழுதலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார். அன்றைக்கு என்னை ஏற்றிவந்து என் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, பானெட்டில் கை வைத்து ஓடுதா பாருங்க அண்ணா என்று என்னையே இறக்கிவிட்டார், என் வேலையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செக்போஸ்டில் போலீஸ்காரர் அவருக்கு சல்யூட் அடித்தார், பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், என் சாப்பாட்டுப் பையை மட்டும் திறந்து சோதித்தார். பெட்ரோல் குடிக்கிற குடியைப் பார்த்தால் ஒரு பங்க் வைத்திருந்தாலும் கட்டாது. போன மாதம் சூளகிரி மேட்டில் எஞ்சின் கொதித்து நின்றுபோய், சரோஜா குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதற்கு ஊற்றினோம். அந்த நிலைமையிலும் போகிற வருகிற லாரிக்காரன் எல்லாம் இறங்கி அந்தக் காரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனான். என் காரை எவனாவது தடவினானா? உள்ளதைச் சொன்னால் வயிறு எரிகிறது மாமா.

மூன்று வாரமாக வண்டி படுத்துக் கிடக்கிறது. தண்ணீர் பம்பின் ஷாஃப்ட் தேய்ந்துபோய், பெங்களூரு முழுக்க அலைந்தும் கிடைக்காமல், கடைசியில் என்னிடமே கடைந்து தரக் கேட்டார். தினமும் காலையில் வந்து நிற்கிறார். "அண்ணா, ஷாஃப்ட்டு ஆயிடுச்சா?" நல்ல இரும்பு வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே என் காருக்கே பூமாலை சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசிகள், நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு
மாதப்பன்

பி.கு.: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். அவர் கேட்ட அன்றைக்கே இரும்பு வந்தது, ஷாஃப்டும் அன்றைக்கே கடைந்தாயிற்று. அரிசி டின்னில் போட்டு வைத்திருந்தேன். நேற்று அரிசி அள்ளப்போன சரோஜா அதைக் கண்டுபிடித்து, "பங்காளி வண்டியா இருந்தாக்கூட இப்படிப் பண்ணுவீங்களா, என் தங்கச்சி வூட்டு வண்டிங்க இது" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, நேராக ரத்தினவேலிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டாள். கிழிக்கப் போனேன், விடவில்லை. அப்பா கையில் நீங்களே கொடுக்க வேண்டும், அதுதான் உங்களுக்கு அபராதம் என்று என்னை அந்தக் காரிலேயே ஏற்றிவிட்டாள். இப்போது அதே சூளகிரி மேட்டில் டாப் கியரில் ஏறிக்கொண்டிருக்கிறோம். முன்சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு எழுத்தாவது கோணியிருக்கிறதா பாருங்கள். மாப்பிள்ளையை இதிலேயே ஏற்றுங்கள் மாமா. யாராவது காரைப் பற்றிக் கேட்டால் மட்டும், ஷாஃப்ட் கடைந்தது மூத்த மருமகன் என்று சத்தமாகச் சொல்லவும். எஞ்சின் சத்தம் குறுக்கே வராது.