ஃப்ரீசரில் ஒரு ரகசிய எண்

"கேக்குறான் பாரு!" என்று கத்தினார் வெண்டல் ஹாஸ்கின்ஸ். விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்.

"யாரு?" என்றாள் லொரெய்ன், உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே.

"இந்த வரிக் கணக்கு சாஃப்ட்வேர்தான். அடையாளப் பாதுகாப்பு பின் நம்பரைப் போடுங்கங்குது."

"போடுங்களேன்."

"போடுங்களாமே! வரி ஆபீஸ் கடுதாசியில என்ன எழுதியிருக்கான்? இந்த நம்பரை யாருக்கும் குடுக்காதீங்கன்னு எழுதியிருக்கான். நானும் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். இது என்னடான்னா நேரா வந்து அதையே கேக்குது. இதுல சந்தேகம் வரலேன்னா வேற எதுல வரும்?"

"வரிக் கணக்கு போடத்தானேங்க அந்த நம்பரையே குடுத்தாங்க?"

"திருடனும் இதையேதான் சொல்லுவான்."

லொரெய்ன் அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டாள். இந்த மனிதரோடு குடும்பம் நடத்திப் பழகியவள் அவள்.

வெண்டலைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. நகரத்துப் பெரிய பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், வாடிக்கையாளர் போல நடித்துக்கொண்டு திருட்டுப் பிடிப்பதுதான் அவர் உத்தியோகம். கோட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டு வெளியேறுகிறவர்களையும், தள்ளுவண்டியில் குழந்தைக்கு அடியில் காலணியை ஒளிக்கிறவர்களையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண். அந்தக் கடையை எப்போதோ மூடிவிட்டார்கள். சந்தேகத்தை மட்டும் வெண்டல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

போதாக்குறைக்குப் போன வருஷம் உண்மையிலேயே ஒன்று நடந்துவிட்டது. அதுவரை அவர் வரிக் கணக்கைப் பேனாவால்தான் போடுவார். முன்பொருமுறை தேதி தவறி அபராதம்கூடக் கட்டியதுண்டு. கடைசித் தேதி கழுத்தை நெரிக்கும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் முறைத்துப் பார்த்துவிட்டு, உறையில் போட்டு ஒட்டி, லொரெய்னிடம் கொடுப்பார். அவள் தபால் நிலையம் போய்விட்டு வருவாள். போன வருஷம் மகள் ஜோலீன் நச்சரித்ததால் முதல் தடவையாகக் கணினியில் போட்டு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தது: 'உங்கள் பெயரில் ஏற்கெனவே கணக்கு தாக்கல் ஆகிவிட்டது.'

வெண்டல் போலீசுக்குச் சொன்னார், பாதிரியாருக்குச் சொன்னார், எதிர்வீட்டு நாய்க்குக்கூடச் சொன்னார். வரி அலுவலகம் அவரை, பிறர் பெயரில் கணக்குப் போட்டு மீதப் பணத்தை அமுக்கும் அடையாளத் திருட்டுக்கு ஆளானவர் பட்டியலில் சேர்த்து, இந்த ஜனவரியில் ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பிவைத்தது. இனிமேல் அந்த எண் இல்லாமல் அவர் பெயரில் எந்தக் கொம்பனும் கணக்குப் போட முடியாது. வெண்டல் அதை ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். திருடன் இரும்புப் பெட்டியைத் தேடுவானே தவிர, பட்டாணியையா தேடுவான்?

"இரு, இவன் யோக்கியனான்னு சோதிச்சுப் பார்க்குறேன்" என்று சொல்லி, வாய்க்கு வந்த ஆறு இலக்கங்களைத் தட்டினார் வெண்டல். மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டு, திரையில் வண்ணக் காகிதங்களைத் தூவி வாழ்த்துச் சொன்னது.

"பொய் நம்பருக்கு வாழ்த்துச் சொல்லுது! நான் சொல்லல?"

சாப்பாடு முடிவதற்குள் வரி அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது: எண் தவறு, கணக்கு நிராகரிக்கப்பட்டது. வெண்டலுக்கு வாயெல்லாம் பல்.

"பாஸாயிட்டான்!"

"யாருங்க?"

"வரி ஆபீஸ்காரன். அவன் கிட்டயாவது நம்பிச் சொல்லலாம்."

ஃப்ரீசரைத் திறந்து காகிதத்தை எடுத்தார். குளியல் துண்டை எடுத்துத் தன் தலையையும் திரையையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே உண்மையான எண்ணைத் தட்டி அனுப்பினார்.

மறுநாள் காலை வந்த பதிலைப் படித்ததும் நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"லொரெய்ன். மறுபடியும் போட்டுட்டான். சரியான பின் நம்பரோட போட்டிருக்கான்."

லொரெய்ன் கையிலிருந்த உருளைக்கிழங்கு சுண்டைக்காய் அளவுக்கு வந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தாள்.

"போனாப் போகுதுங்க" என்றாள் கடைசியில். "யாரோ ஒருத்தர் போட்டாச்சு. வரி கட்டியாச்சு. விடுங்களேன்."

"விடுறதா? நம்பர் இருந்தது நம்ம ஃப்ரீசர்ல. அப்ப ஆளு நம்ம வீட்டுக்குள்ள வந்து போயிருக்கான். யாரு வந்தா? யோசி."

யோசிக்கும் வேலையை அவரே செய்தார். பிப்ரவரியில் கால்பந்து இறுதியாட்டம் பார்க்க மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பாதி ஆட்டத்தில் மருமகன் டிராவிஸ் எழுந்து போனான். ஃப்ரீசரைத் திறந்தான். ஐஸ் எடுத்தானாம்.

"அவன் இல்லைங்க" என்றாள் லொரெய்ன், சட்டென்று.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும்."

"மருமகன்னா மட்டும் உருகிடுவியே!"

வெண்டல் வரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். காத்திருக்கச் சொல்லிப் போட்ட பியானோ இசையைக் காலை முழுக்கக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"உங்க சமூகப் பாதுகாப்பு எண்ணோட கடைசி இலக்கங்களைச் சொல்லுங்க சார்."

"முதல்ல நீங்க சொல்லுங்க."

"சார்?"

"வரி ஆபீஸ்தானே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"தெரியும் சார். ஆனா நான் சொல்லக் கூடாது."

"எனக்கும் தெரியும்மா. நானும் சொல்லக் கூடாது."

அவள் ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொன்னாள். பிறகு மறுபடியும் பியானோ ஆரம்பித்தது.

சரி, பழைய வித்தைதான் என்று முடிவு செய்தார் வெண்டல். கார் கொட்டகையில் தேடி, தன் பழைய கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தார். அதில் இருந்த பொடியைப் பார்த்தால் சாம்பல் மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் கத்திரிப்பூ நிறமாகிக் கையில் ஒட்டிக்கொள்ளும், சோப்புக்கெல்லாம் அசையாது. அந்தக் காலத்தில் கல்லாப்பெட்டியில் கை வைத்த எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்த பொடி. ஒரு காகிதத்தில் 'புதிய பின் நம்பர்' என்று எழுதி, பொய்யாக ஓர் எண்ணைப் போட்டு, பட்டாணிக்குப் பின்னால் வைத்தார். சுற்றிலும் பொடியைத் தூவினார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்படி மகளுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவர்களும் எப்படியும் வருவதாகத்தான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஓபலுக்கு ஞானஸ்நானம். குழந்தையைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏந்திச் செல்லப் போவது தாத்தா வெண்டல். பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பிஞ்சு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றிலிருந்து அவர் தன் வசத்தில் இல்லை. கை நடுங்கிவிடக் கூடாது என்று தினமும் மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்து பழகினார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் ஓபல்தான்.

ஜோலீன் ஞானஸ்நான உடையையும் கொண்டுவந்திருந்தாள். தான் குழந்தையாக இருந்தபோது உடுத்திய அதே வெள்ளைப் பட்டு. குழந்தைக்கு அளவு பார்க்கப் போட்டுவிட்டு, எல்லோரும் அழகு பார்த்தார்கள்.

அடுக்களையிலிருந்து லொரெய்னின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, என் கையெல்லாம் மாவு. ஃப்ரீசர்ல இருந்து அந்தப் பட்டாணியைக் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன்."

டிராவிஸ் டயர் கடையில் வேலை பார்ப்பவன். சொன்ன வேலையைத் தட்டத் தெரியாதவன். எழுந்து போனான். பட்டாணியைக் கொடுத்தான். அதற்குள் குழந்தை சிணுங்கவே, ஓடிவந்து இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

வெள்ளைப் பட்டின் முதுகில் பத்து விரல்களும் கத்திரிப்பூ நிறத்தில் மலர்ந்தன.

"பிடிச்சுட்டேன்!" என்று துள்ளி எழுந்தார் வெண்டல். "வாங்க மாப்பிள்ளை! போன வருஷமும் நீங்கதான், இந்த வருஷமும் நீங்கதான்!"

"என்னத்தை மாமா?" டிராவிஸ் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என் பேர்ல வரிக் கணக்கு போட்டது!"

"மாமா, என் கணக்கையே ஜோலீன்தான் போடுறா."

"அப்ப கை ஏன் ஊதாவா இருக்கு?"

"பட்டாணி எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்."

"பட்டாணியைத்தானே எடுக்கச் சொன்னா? பின் நம்பரை எடுக்கச் சொன்னாளா?"

ஜோலீன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. வெண்டல் ஓரடி பின்வாங்கினார்.

"அப்பா, ஒரு வருஷமா இந்த மனுஷனைக் கடைக்கு வந்த திருடனைப் பார்க்குற மாதிரி பார்த்துட்டிருக்கீங்க. அவரும் உங்க காருக்கு டயர் மாத்திக் குடுத்துட்டு, வாயத் திறக்காமப் போயிட்டிருக்காரு. போதும். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்காம ஞாயித்துக்கிழமை கோயில் பக்கம் வராதீங்க. ஓபலை டிராவிஸோட அப்பா தூக்கிக்குவாரு."

"அந்த ஆளா? அவருக்குப் பாத்திரத்தையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதே!"

"திருட்டுப் பட்டம் கட்டத் தெரியாது. அது போதும்."

கார் கிளம்பிப் போன பிறகு பட்டாணி மேஜையிலேயே உருகிக் கிடந்தது. லொரெய்ன் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேக்கச் சொல்லுவே. செய்யாத தப்புக்கு நான் ஏன் கேக்கணும்? நாளைக்கு நூலகத்துல இலவசமா வரிக் கணக்கு போட்டுக் குடுக்குற தொண்டர்கள் உக்காருவாங்களாம். அவங்களைப் பிடிச்சு, யாரு போட்டான்னு கண்டுபிடிச்சு, எழுதி வாங்கிட்டு வந்து ஜோலீன் கிட்ட நீட்டுறேன்."

லொரெய்னின் அழுகை சட்டென்று நின்றது.

"நூலகத்துக்கா? அங்க வேண்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சொல்லிக்கிறாங்க."

சனிக்கிழமை காலை லொரெய்னுக்குத் தலைவலி வந்தது. அது சரிப்படாமல் போகவே இடுப்பு பிடித்துக்கொண்டது. வெண்டல் விடவில்லை. கணவன் மனைவி சேர்ந்து போடும் கூட்டுக் கணக்கு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமே. அவள் கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் முக்காடு கட்டி, ஏப்ரல் வெயிலில் குளிர்காலக் கோட்டோடு காரில் ஏறினாள்.

"ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அந்தக் கணக்கை…"

"கார்ல பேசாதே. இந்தக் காலத்துக் காரெல்லாம் ஒட்டுக் கேக்குதாம்."

நூலக வாசலில் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்பவாவது கேளுங்களேன். டிராவிஸ் மேல ஒரு பாவமும் இல்லை."

"அதைத்தானே உள்ள போய் நிரூபிக்கப் போறோம்? பாவம் இருக்கா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். அவன் பண்ணலேன்னு தெரிஞ்சா, நாளைக்குக் கோயில் வாசல்லயே எல்லாரும் பார்க்க முட்டி போட்டு மன்னிப்புக் கேக்குறேன். போதுமா?"

லொரெய்ன் அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"சத்தியமா?"

"ஓபல் மேல சத்தியமா."

அவள் முக்காட்டை அவிழ்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அவருக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.

சிறுவர் புத்தகப் பகுதிக்குப் பக்கத்தில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள் பெர்னிஸ் என்ற வயதான தொண்டர். வெண்டல் நேராகப் போய் மேஜையில் கையூன்றினார்.

"அம்மா, என் பேரு வெண்டல் ஹாஸ்கின்ஸ். ரெண்டு வருஷமா என் பேர்ல எவனோ வரிக் கணக்கு போடுறான். அவன் யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

பெர்னிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் நின்ற லொரெய்னைப் பார்த்தாள். அடுத்த நொடி இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நூலகம் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்:

"அட கடவுளே! லொரெய்ன், வருஷா வருஷம் பிப்ரவரி பொறந்தா ஓடி வந்து, வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்காருன்னு சொல்லி, ரெண்டு பேருக்கும் நீங்களே கணக்கு போட்டுட்டுப் போவீங்களே, அந்த மனுஷன் எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டாரா!"