மர்மம் எல்லாருக்கும் உண்டு

மட்டாஞ்சேரி,
புதன் இரவு.

அன்புள்ள கற்பகம் சித்திக்கு,

பாண்டிச்செல்வி எழுதுவது. நான் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, மெய்யாகவே நலம். உங்கள் நலத்தையும், நீங்கள் ஊசி போடுகிற ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் நலத்தையும் அறிய ஆவல்.

திங்கட்கிழமை நான் போட்ட கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். பிரித்துவிட்டால், நான் சாகப்போகிறேன் என்ற வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். என் கொலுசை உங்கள் மகள் மகாவுக்குக் கொடுக்கச் சொன்ன வரியையும் அடித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். உயிரியல் வகுப்பில் ஐஸ்கிரீம் கரண்டியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைக்கச் சொன்னார்கள், மற்றவர்களுக்கெல்லாம் காற்றுக்குமிழிதான் தெரிந்தது, என்னுடையதைப் பார்த்த ஸுப்ரியா டீச்சர் மட்டும், "எல்லாவரும் வந்நு நோக்கூ, செல்வியுடெ மர்மம் நன்னாயி தெளிஞ்ஞிட்டுண்டு" என்றார். நாற்பது பேர் வரிசையில் நின்று என் மர்மத்தைப் பார்த்தார்கள். கைதட்டல் வேறு. எனக்குத் தெரிந்த மர்மமெல்லாம் நம் ஊர்ப் பேப்பரில் வருகிற மர்மக் காய்ச்சலும் மர்மச் சாவும்தான். நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் கருநீலப் புள்ளி. ஒன்றுகூடத் தப்பவில்லை, அவ்வளவு தூரம் பரவிவிட்டது.

அன்றே உங்களுக்கு எழுதிவிட்டு, என் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்தேன். மிளகுக் கிடங்கிலிருந்து வந்த அப்பா, "ஏத்தா, தட்டை எதுக்கு ஒளிக்கிற?" என்றார். சுத்தம் என்றேன். "நம்ம வீட்ல ஒண்ணாவது உருப்படுது" என்றார்.

இன்று வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அம்ருதா என் பாட்டிலில் தண்ணீர் குடிக்க வந்தாள். வேண்டாம், என் மர்மம் ஒட்டிக்கொள்ளும் என்றேன். "எடீ மண்டீ, மர்மம் எனிக்கும் உண்டு" என்றாள். மண்டி என்றால் மக்கு. அவளுக்குமா என்று அழுதேன். "டீச்சர்க்கும் உண்டு, நின்றெ அச்சனும் உண்டு" என்றாள். அப்பாவுக்கும் என்றதும் சத்தமாகவே அழுதுவிட்டேன். அவள் என்னை டீச்சரிடம் இழுத்துப் போனாள். டீச்சர் படம் போட்டுக் காட்டினார். மலையாளத்தில் மர்மம் என்றால் செல்லின் உட்கருவாம், சித்தி. நம் ஊரில் நான் எழுதி மார்க் வாங்கிய அதே உட்கரு. அது இல்லாமல் போனால்தான் பயப்பட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பள்ளிக் கண்காட்சியில் மைக்ரோஸ்கோப் அருகே நின்று விளக்கப் போவதும் நான்தான்.

மொழி தெரியாத ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள் என்று அப்பாவோடு சண்டை போட்டது நீங்கள். வந்து கூட்டிப் போங்கள் என்று எழுதியது நான். இப்போது வர வேண்டாம். அப்பாவிடமும் சொல்ல வேண்டாம். அவர் தூங்கிவிட்டார், அடுப்படி விளக்கில் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். மகாவுக்கு என் அன்பு மட்டும், கொலுசு இல்லை.

உங்கள் ஆயுள் நீண்ட மகள்,
செல்வி

பி.கு.: இப்போதுதான் அப்பாவின் போன் அடித்தது. கடிதம் இன்றே கிடைத்து, நீங்கள் பஸ்ஸில் குமுளி தாண்டிவிட்டீர்களாம். "பிள்ளைக்கு மர்மமாம்ல, எங்கிட்ட ஏன் மறைச்சீங்க" என்று நீங்கள் போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அப்பா என் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தக் கடிதத்துக்கு இனி ஸ்டாம்ப் தேவையில்லை, வாசலிலேயே உங்கள் கையில் கொடுப்பேன். முதலில் படியுங்கள், பிறகு அடியுங்கள்.