ஹெல்மெட்டுக்கு அனுமதி இல்லை

சென்னைக்குப் போய் டிக்கெட் வாங்கி ஒரே ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவனை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. நான் இப்படிச் சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் மறுப்பதில்லை. அந்த ஆள் நான்தான் என்பது நெய்வேலி டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு என் மனைவி மலர் சொல்லிவிடுவாள்.

முதலில் பைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளாக் மைதானத்தின் மேற்குக் கோல் போஸ்டுக்குப் பின்னால் நீளமான ஒரு பழைய இரும்பு பைப் கிடக்கும். ஒரு காலத்தில் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க இருந்தது, துருப்பிடித்த பிறகு யாரோ கொண்டுவந்து போட்டார்கள். மேலே மரநிழல். வருஷா வருஷம் டோர்னமெண்ட் நடக்கும்போது, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் டிபன் கேரியரும் ஹெல்மெட்டுமாக நேராக வந்து அதன் மேல் வரிசையாக உட்காருவார்கள். பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற பேதம் அந்த பைப் மேல் கிடையாது (மற்ற எல்லா இடத்திலும் உண்டு). நம்ம டீம் பந்தோடு முன்னேறினால் எல்லோரும் ஹெல்மெட்டால் பைப்பைத் தட்டுவார்கள். உள்ளே வெறும் கூடுதானே, பக்கத்து பிளாக் வரைக்கும் கேட்கும். எதிராளி முன்னேறினால் தட்டு நின்றுவிடும். நம்ம கோல்கீப்பர் பந்தைப் பிடித்தால் ஒரே ஒரு தட்டு. அந்த ஒற்றைத் தட்டை மட்டும் வேறு யாரும் தட்ட மாட்டார்கள். அது என் மாமனாருடையது. ஏனென்றால் கோல்கீப்பர் அவருடைய மகன், என் மச்சான் கதிர்.

மாமனார் வடலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இன்ஜினியராக வேலைக்கு வந்து, அவருடைய மகளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவன். அவர் சண்டை போடவில்லை, அரிவாள் எடுக்கவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போனால் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். அப்படியே ரொம்ப நாள் ஓடியது. பிறகு ஒரு டோர்னமெண்டின்போது நான் மைதானத்தில் திருதிருவென்று நின்றுகொண்டிருந்தேன். அவர் பைப் மேல் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, “ஒக்காருங்க மாப்ள” என்றார். அன்றைக்கு ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து நான் அழுதேன் என்று மலர் சொல்வாள். கண்ணில் தூசி என்பது என் வாதம்.

இத்தனை அருமையான இடத்தைப் பிடித்த மனுஷன் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த டோர்னமெண்டுக்கு முன்னால்தான் அந்தச் சென்னைப் பயணம் வாய்த்தது. நம்பர் போட்ட நாற்காலி, வரிசையில் நிறுத்திப் பையைத் தடவிப் பார்க்கும் செக்யூரிட்டி, விலைக்குத் தகுந்த இடம் என்று எல்லாவற்றையும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தேன். என் தண்ணீர் பாட்டிலைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். பாட்டிலைப் பறிகொடுத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கால்பந்து என்றால் இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

எங்கள் கிளப்பில் கோல் வலை கிழிந்து மீன் வலை மாதிரிக்கூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த நேரம். புது வலைக்குப் பணம் எங்கே போவது என்று செயலாளர் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். இலவசமாகக் கொடுத்தால் எதற்கும் மதிப்பு இருக்காது, டிக்கெட் போட்டால்தான் தரமான கூட்டம் வரும் என்று முழங்கினேன். (தரமான கூட்டம் என்ற சொல்லை நான் பயன்படுத்தியதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள்.) செயலாளர் நல்ல மனிதர், வலை கிடைத்தால் போதும் என்று தலையாட்டினார். அந்த வருஷம் எங்கள் டீம் ஃபைனலுக்கும் வந்துவிட்டது. கதிர் விளையாட ஆரம்பித்த பிறகு முதல் ஃபைனல். அவனும் மாமனாரும் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர் டீம் சேத்தியாத்தோப்பு.

நான் களத்தில் இறங்கினேன். மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் பச்சைத் துணி கட்டச் சொன்னேன். நாற்காலிக்கு ஒரு விலை, நின்று பார்க்க ஒரு விலை. எல்லாவற்றுக்கும் மேலே சோபா. கல்யாண மண்டபத்தில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாக்களையே வாடகைக்கு எடுத்தேன். பெரிய அதிகாரிகளுக்குக் கண்ணில் வெயில் படக் கூடாது. நிழல் இருப்பது மேற்குக் கோலுக்குப் பின்னால் மட்டும்தான். அங்கே பைப் கிடந்தது. டிராக்டரை வரவழைத்து, பைப்பைக் கயிறு கட்டி இழுத்து, துணிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டேன்.

மைக்கில் வர்ணனை சொல்கிறவரிடம் இந்த வருஷம் வர்ணனை வேண்டாம் என்றேன். சென்னையில் யாரும் வர்ணனை சொல்லவில்லையே? கடைசியாக, சென்னை டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை அப்படியே எடுத்து வாசலில் போர்டு வைத்தேன். பை, பாட்டில், உணவுப் பாத்திரம், ஹெல்மெட் உள்ளே அனுமதி இல்லை.

சென்னைக்காரன் ஹெல்மெட் என்று எழுதியது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை. எனக்கு அதெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை.

ஃபைனல் அன்று நான் முழுக்கைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வாசலில் நின்றேன். சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரியை வரவேற்று, ஏற்பாடுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். அவரும் ரொம்ப புரொஃபஷனலாக இருக்கிறது என்று சொல்லி என்னை மிதக்க விட்டார். அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிந்து பைப் கூட்டம் வந்தது. கையில் டிக்கெட் காசு. எல்லோருக்கும் சேர்த்து மாமனாரே வசூலித்து வைத்திருந்தார். மகன் ஆடும் ஃபைனலுக்குக் காசு கொடுக்க அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எல்லோர் கையிலும் கேரியரும் ஹெல்மெட்டும் இருந்தன.

வாடகைக்கு வந்த செக்யூரிட்டி போர்டைக் காட்டினார். ஹெல்மெட்டை ரோட்டில் வைத்துவிட்டா வருவது, காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்று அவர்கள் கேட்டது எனக்குக் கேட்டது. திரும்பாமல் நின்றேன். செக்யூரிட்டி என்னிடமே வந்துவிட்டார்.

“சார், இவரு உங்க மாமனாருன்னு சொல்றாரு. உள்ள வுட்டுடட்டுமா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார். கன்வேயர் தூசி படிந்த சட்டை, கையில் மஞ்சள் ஹெல்மெட், அதில் கதிரின் ஜெர்சி நம்பரைப் பெயிண்டில் எழுதியிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “யாரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்” என்றேன்.

மாமனார் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “சரிங்க சார்” என்றார். கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ‘சார்’ இன்றைக்கும் எனக்குக் காதில் விழும். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, சம்பந்தமே இல்லாத நேரத்தில் விழும். வெட்கத்தில் முகம் சூடாகிவிடும்.

ஆட்டம் தொடங்கியது. சேத்தியாத்தோப்புக்காரர்கள் லாரியில் வந்து கிழக்கு வாசல் வழியாக நிற்கும் டிக்கெட் மொத்தத்தையும் வாங்கி உள்ளே வந்திருந்தார்கள். கூடவே நாலைந்து மேளம். என் போர்டில் மேளம் இல்லை. சென்னைக்காரனுக்கு யாராவது மேளத்தோடு வருவார்கள் என்று தோன்றியிருக்காது, அதனால் எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் சோபா. அதில் உட்கார்ந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. குடும்பத்தோடு, பளிச்சென்று உடுத்தி, சமோசாவும் டீயுமாக இருந்தார்கள். ஆனால் அவ்வளவு காசு கொடுத்தவர் கத்த மாட்டார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் வந்திருப்பதை நாலு பேர் பார்த்தால் போதும், அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதுகூட இல்லை. கத்துவதற்குப் பக்கத்தில் தோள் இடிக்க ஒரு ஆள் வேண்டும். சோபாவில் பக்கத்து ஆள் எட்டாத தூரத்தில் இருந்தார். எங்கள் டீம் முன்னேறியபோது நாலு பேர் விரல் நுனியால் கை தட்டினார்கள். ஒரு அம்மா, பந்து இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கேட்டுக்கொண்டார். எங்கள் சொந்த மைதானத்தில் எங்கள் பையன்கள் ஏதோ துக்க வீட்டில் ஆடுவது மாதிரி ஆடினார்கள்.

துணிக்கு வெளியே என்ன நடந்தது என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். பைப் கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை. பைப் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் துணியை விலக்கிப் பார்க்கப் போக, மாமனார் தடுத்திருக்கிறார். “எட்டிப் பாக்க நாம என்னா திருடனுங்களா? காதால கேட்டுகினு ஒக்காருங்க” என்றிருக்கிறார். யார் எந்தப் பக்கம் ஆடுகிறார்கள் என்று தெரியாது. வர்ணனை கிடையாது. கேட்டதெல்லாம் மேளம் மட்டும். மாப்பிள்ளை டிக்கெட் காசில் நம்ம பசங்களுக்கு மேளம் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று மாமனாரே விளக்கம் சொல்லியிருக்கிறார். அவ்வளவு அவமானப்படுத்தியும் மனுஷன் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் நினைத்திருக்கிறார்.

ஆக, மேளம் ஒலித்தால் பைப்பும் ஒலித்தது. சேத்தியாத்தோப்பு முன்னேறினால் மேளம், மேளத்துக்குப் பின்னால் ஹெல்மெட். எங்கள் பையன்கள் முன்னேறினால் இரண்டுமே மௌனம்.

இரண்டாம் பாதியில் கதிர் மேற்குக் கோலுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் சோபா, அதற்குப் பின்னால் துணி, அதற்குப் பின்னால் அவனுடைய அப்பா. ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தான். எழுந்து பழக்கத்தில் ஒரு நொடி காத்து நின்றான். அந்த ஒற்றைத் தட்டு வரவில்லை. சோபாவில் ஒருவர், “அந்தப் பையன் நம்ம ஆளா?” என்று கேட்டார்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சேத்தியாத்தோப்புக்கு ஒரு பெனால்டி. மேளம் உச்சத்துக்குப் போனது. வெளியே நம்ம டீமுக்குத்தான் பெனால்டி என்று முடிவு கட்டி, அத்தனை பேரும் அத்தனை ஹெல்மெட்டையும் வைத்து இடித்தார்கள். அந்த பைப் அப்படி முழங்கி நான் கேட்டதேயில்லை. கதிருக்கு அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து தெரியும். அப்பாவும் அவருடைய கூட்டமும் எதிராளிக்காக ஏன் தட்டுகிறார்கள் என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை. ஒரே ஒரு கணம் திரும்பித் துணியைப் பார்த்தான். பந்து வலையில் விழுந்தது.

மேளம் வெடித்தது. துணிக்கு அப்பால் பேய்க் கூச்சல். யாரோ சந்தோஷம் தாங்காமல் வீசிய மஞ்சள் ஹெல்மெட் ஒன்று துணியைத் தாண்டி வந்து, சிறப்பு விருந்தினரின் சமோசாத் தட்டில் விழுந்தது. அன்று டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்த ஒரே ஹெல்மெட். அதில் கதிரின் ஜெர்சி நம்பர் இருந்தது. சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று நிஜமாகவே பார்த்தேன். அதன் கால்கள் ரொம்பக் குட்டை.

ஆட்டம் முடிந்து வாசலைத் திறந்ததும் மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். கேரியரில் லட்டு வைத்திருந்தார். ஜெயித்தால் கொடுக்க வாங்கியது. கதிர் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“எதுக்குப்பா தட்டன?”

“நம்ம கோலுன்னு நெனச்சிகினு தட்டனன்டா.”

மாமனார் கேரியரை மூடினார். என்னைத் திட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. வீட்டில் மலர் மட்டும் சொன்னாள்: “அந்த பைப் மேல உங்களுக்கு இடம் குடுக்க எங்கப்பாவுக்கு எவ்ளோ நாளாச்சுன்னு ஞாபகம் இருக்கா?” இருந்தது.

மறு வருஷம் டிக்கெட் இல்லை, துணி இல்லை. பைப்பை டிராக்டரில் இழுத்துப் பழைய இடத்தில் போட்டபோது கயிற்றைக் கட்டியது நான். (முடிச்சு அவிழ்ந்து இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது, அதையும் வேடிக்கை பார்த்தார்கள்.) மாமனார் பேச ஆரம்பித்தார், மாப்ள என்றும் கூப்பிட்டார். நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்றே நம்பினேன்.

குடும்பம் அப்படி நினைக்கவில்லை. அன்று முதல் எங்கள் சொந்தத்தில் காதுகுத்தா, வளைகாப்பா, எதுவானாலும் முதல் வரிசைக்கும் முன்னால் ஒரு சோபா போடப்படும். அதில் நான் மட்டும் உட்கார வேண்டும். பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். யாராவது ஒரு தட்டில் சமோசா கொண்டுவந்து வைப்பார்கள். பந்தியில்கூட, “பெரிய டிக்கெட்டுக்கு அப்பளம் வைங்க” என்று குரல் வரும். பின்னால் எல்லோரும் இடித்துப் பிடித்துக்கொண்டு சிரித்துக் கதை பேசுவது கேட்கும்.

போன தை மாதம் குறிஞ்சிப்பாடியில் கதிருக்குக் கல்யாணம். வழக்கம்போல எனக்குச் சோபா. தாலி கட்டும் நேரத்தில் மேளத்தோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் எழுந்தது. பைப் கூட்டம் மொத்தமும் மண்டபத்துக்கு ஹெல்மெட்டோடு வந்திருந்தது. பந்தல் இரும்புக் கம்பியில் தட்டினார்கள். மேடையில் மஞ்சள் கயிற்றோடு நின்ற கதிர் ஒரு நொடி காத்தான். எல்லோரும் நிறுத்தினார்கள். மாமனார் ஒற்றைத் தட்டு ஒன்று தட்டினார். கதிர் முடிச்சுப் போட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. சோபாவை விட்டு எழுந்து மாமனாரிடம் போய் நின்று, “எனக்கும் ஒரு ஹெல்மெட் குடுங்க மாமா” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஹெல்மெட்டை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“அது உங்க டிக்கெட்டுல கெடையாதுங்க மாப்ள. போய் ஒக்காந்து மெதுவா கை தட்டுங்க.”