தோள்தூக்கி

மல்லர்களில் நல்லவன், வில்லன் என்று இரண்டே வகைதான் உண்டு என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், எங்கள் இண்டியானா மாநிலத்துச் சனிக்கிழமை மாலை ஒன்றைக்கூட நீங்கள் பார்த்ததில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. நல்லவனிலும் இருக்கும், வில்லனிலும் இருக்கும். வயது இருபத்து மூன்று வாக்கில் நன்றாகச் செழித்து வளரும். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் தோள்தூக்கி.

ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதைப் பிற்பகல் மூன்று மணிக்கே பேசி முடித்துவிடுவார்கள். ஆட்டம் ஆறு மணிக்கு. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், தங்கள் சங்கத்துத் தேர்தல் கடைசியாக எப்படி நடந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவும். முடிவு மட்டும்தான் ஏற்பாடு, விழுவது ஏற்பாடில்லை. பலகையின் மேல் இரண்டு விரற்கடை பஞ்சு, அதன் மேல் ஒரு துணி, அதன் மேல் நூறு கிலோ மனிதன் முதுகு பட விழுகிறான். தோற்பவன் மல்லாந்து கிடக்க வேண்டும், இரண்டு தோளும் தரையில் இருக்க வேண்டும், நடுவர் கையால் தரையைத் தட்டி மூன்று எண்ண வேண்டும். மூன்று எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தும்மல் வரப் பார்த்து வராமல் போகிற நேரம். அந்த நேரம் சும்மா கிடக்க முடியாதவன்தான் தோள்தூக்கி.

எங்கள் மண்டபத்தில் இந்த இனத்தின் முழு மாதிரி ஒன்று இருந்தது. பெயர் கேலப் ஹஃப்மன். வாரநாட்களில் டயர் கடையில் சக்கரம் மாட்டுவான். சனிக்கிழமைகளில் "மேக்ஸ் டொமினியன்" என்ற பெயரில் கறுப்புக் கோட்டும் தங்கநிற ஜட்டியும் அணிந்து வில்லனாக வருவான். ஆள் குறையில்லாதவன். உயரம், அகலம், பல்வரிசை எல்லாம் ஆர்டர் கொடுத்துச் செய்தது போல இருக்கும். தொழிலின் மரியாதைகளும் தெரியும்: உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும், செருப்பு தைக்கிறவர் வரை, போய்க் கை குலுக்குவான், அதுவும் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல மெதுவாக, ஏனென்றால் இறுக்கிப் பிடித்தால் நேற்று வந்தவன் என்று தெரிந்துவிடும். எல்லாம் தெரியும். கிடக்கத்தான் தெரியாது.

நான்கு வருடத்தில் அறுபத்தொரு ஆட்டம் தோற்றிருக்கிறான். மணியடிக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? அவனைக் கேட்டால் கணக்கு வேறு. பதினேழில் நடுவர் அவசரப்பட்டார். ஒன்பதில் கயிறு தளர்வாக இருந்தது. முன்ஸி ஊரில் கண்ணில் விளக்கு அடித்தது. ஒரு தடவை, எதிராளி அவனைவிட நன்றாகச் சண்டை போட்டான் என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் அன்று கேலபுக்குக் காய்ச்சல். மூன்று எண்ணி முடித்து, நடுவரின் கை தரையைவிட்டு எழுவதற்கு முன்னாலேயே இவன் தோள் எழுந்துவிடும். எழுந்து, இரண்டு விரலைக் காட்டி "ரெண்டுதான்" என்று கூட்டத்திடம் முறையிடுவான். ஜெயித்தவன் கையை உயர்த்த வேண்டிய நேரத்தில் சபையோர் எல்லாம் தோற்றவனின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வில்லனைப் பார்த்து ஊர் கூச்சல் போட வேண்டும். அதுதான் அவன் சம்பாத்தியம். இவனுக்கு அதுவும் பொறுக்காது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் "போடா உருளைக்கிழங்கு" என்று கத்தினால், ஆட்டம் முடிந்ததும் அவரைத் தேடிப் போய், தான் உண்மையில் நாய் வளர்ப்பவன் என்று விளக்குவான். அவன் அம்மா ஷெரில் வாசலருகே மேசை போட்டு மகனின் படம் போட்ட டி-ஷர்ட்டை விற்பாள். வாங்குகிறவர்களுக்கு எலுமிச்சை கேக் ஒரு துண்டு இலவசம்.

"அம்மா, நான் வில்லன்மா. வில்லனோட அம்மா கேக் குடுப்பாங்களா?"

"குடுக்காம? உன்னைத் திட்டித் திட்டித் தொண்டை வறண்டு போய் வராங்கடா பாவம்."

இந்த நிலையில்தான், போன அக்டோபரில், அந்தச் செய்தி வந்தது. தொலைக்காட்சியில் வருகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆள் பிடிக்கிற அம்மையார் ஒருவர், பெயர் லொரெய்ன் வோஸ், எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார். எங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இனி எப்போது வருவாரோ. உடைமாற்றும் அறையில் அன்று எல்லோரும் இரண்டு தடவை பல் துலக்கினார்கள். கேலபைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டயர் கடைக்காரனிடம் "அடுத்த மாசம் நான் இருப்பேனான்னு தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டான். சொல்லும்போது தொலைவில் பார்த்தானாம்.

மூன்று மணிக்கு, ஆட்டங்களை நடத்துகிற கார்ல் ஓட்டிங்கர் ஒரு பீட்சா அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து முடிவுகளைப் படித்தார். கார்ல் கம்பளக் கடை வைத்திருப்பவர். எதையும் அளவாகத்தான் சொல்லுவார்.

"நாலாவது ஆட்டம். மேயரும் கேலபும். எட்டு நிமிஷம். மேயர் 'வீட்டோ' போடுவார், கேலப் படுக்கிறான், மூணு. அடுத்தது அஞ்சாவது ஆட்டம்..."

மேயர் என்றால் நிஜ மேயர் இல்லை. நார்மன் டப்ஸ், முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, தொப்பை உண்டு. மார்பில் குறுக்காக ஒரு பட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சாலைப் பள்ளங்களை மூடுவதாக வாக்குறுதி கொடுத்தபடியே களத்துக்கு வருவார். ஊரே எழுந்து நிற்கும். அவருடைய கடைசி அடிதான் வீட்டோ, அதாவது மேயரின் ரத்து அதிகாரம்: கயிற்றில் மோதித் திரும்பி வந்து, தொப்பை முன்னே வர, எதிராளி மேல் அப்படியே விழுவது. பதினோரு வருடத்தில் வீட்டோ வாங்கியவன் எழுந்தது கிடையாது. சின்னப் பிள்ளைகள்கூட அதை அறிவார்கள்.

"பாஸ், படுக்கிறேன்," என்றான் கேலப். "ஆனா எப்படிப் படுக்கிறேன்?"

"முதுகு கீழ. மூஞ்சி மேல."

"அதில்ல. அந்தம்மா முன்னாடி ஒரே அடியில விழுந்தா என்ன நெனப்பாங்க?"

"விழுந்துட்டான்னு நெனப்பாங்க."

நார்மன் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். "எப்படி வேணும்னாலும் விழு கேலப். உருண்டு விழு, பறந்து விழு, அழுதுக்கிட்டே விழு. நான் உன்னைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் போடுவேன். மூணு எண்ணுற வரைக்கும் கிட, அது போதும்."

"சரி நார்ம், கிடக்கிறேன்," என்றான். தோள்தூக்கி எப்போதும் சரி என்றுதான் சொல்லுவான். மறுக்கிறவனைச் சமாளிக்கலாம், சரி என்கிறவனை என்ன செய்வது?

ஆட்டம் தொடங்கியது. லொரெய்ன் வோஸ் மூன்றாம் வரிசையில், மடக்கு நாற்காலியில், மடியில் ஒரு கேக் துண்டுடன் உட்கார்ந்திருந்தார். ஏழு நிமிடம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கேலப் மேயரின் பட்டையை மிதித்தான், ஊர் கொதித்தது. மேயர் எழுந்தார், கைகளை விரித்தார், கயிற்றில் மோதினார், வந்தார், விழுந்தார். மண்டபம் முழுக்க ஒரே குரலாக "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியது.

கேலபின் தோள் எழுந்தது.

முந்நூறு பேர் வாய் "மூ" என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. நான் மணியடிக்கக் கையை ஓங்கி, அப்படியே தலையைச் சொறிந்துகொண்டேன். மேயர் அவன் கழுத்தைக் கட்டிப்பிடிப்பது போல் குனிந்து காதோடு கேட்டார்.

"மறந்துட்டியா?"

"இல்ல நார்ம். இன்னொண்ணு குடுங்க. ரெண்டாவதுல படுத்துடறேன்."

இரண்டாவது வீட்டோ. தோள் எழுந்தது. "மூணாவதுல சத்தியமா." மூன்றாவது. எழுந்தது. நடுவர், தரையை ஆராய்கிறவர் போல முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு, "டேய், கிடடா, எனக்கு முட்டி வலிக்குது," என்றார். நாலாவது வீட்டோவுக்குள் மேயருக்கு மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடச் சமையலறையில் யாரும் ஒரே நாளில் நாலு தடவை பறப்பதில்லை. நாலாவதிலும் அந்தத் தோள், சோற்றுப்பானை மூடி போல, தானாகவே எழுந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கேலப் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அடுத்ததில் படுத்துவிடுவோம் என்று ஒவ்வொரு தடவையும் மனதார நம்பினான். இந்த இனத்தின் அழகே அதுதான்.

கூட்டம் சத்தம் போடுவதை நிறுத்தியது. முன்வரிசையில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம் "மேயருக்கு வயசாயிடுச்சாப்பா?" என்று கேட்டது எனக்கே கேட்டது என்றால் மேயருக்குக் கேட்காமலா இருக்கும்? ஆட்டம் உடைந்துவிட்டது. இனி அவன் படுத்தாலும் அது படுத்ததாகாது. எழுந்து எழுந்து களைத்து விழுந்ததாகத்தான் இருக்கும். எட்டு நிமிட ஆட்டம் பதினாலு நிமிடத்தில் நின்றது.

நார்மன் அவனை ஒரு கணம் பார்த்தார். அடுப்பில் தீய்ந்துகொண்டிருக்கும் பானையைப் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்கு வேறு சமைப்போம் என்று முடிவு செய்கிறவரின் பார்வை அது. பிறகு ஐந்தாவது வீட்டோவுக்காகக் கயிற்றில் மோதி ஓடி வந்தவர், வருகிற வழியில், தன் பட்டையே தன் காலில் சுற்றிக்கொள்ள, முழு நீளத்துக்கும் விழுந்தார். தலை தரையில் மோதிய சத்தத்துக்கு மண்டபத்தின் கடைசி வரிசை எழுந்தது. அந்தச் சத்தம், கையால் தரையில் தட்டியது என்று பத்தடி தூரத்திலிருந்த எனக்கே அப்போது தெரியவில்லை. கேலப் திகைத்து நின்றான். கீழே கிடந்த மேயர் மல்லாந்து புரண்டு, அவன் காலை இழுத்து, அவனைத் தன் மேல் கவிழ்த்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க நார்ம்?"

"தோத்துக்கிட்டிருக்கேன். அசையாத."

ஐயா, அம்மா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்று எண்ணும்போது மேயரின் கை கயிற்றைத் தேடிப் புறப்பட்டது; கயிற்றைத் தொட்டுவிட்டால் எண்ணுவது நின்றுவிடும். இரண்டில், கயிற்றுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்று நடுங்கியது. அந்த நாலு விரற்கடையை முந்நூறு பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தள்ளினார்கள். மூன்றில், விளக்கை யாரோ அணைத்தது போல அந்தக் கை விழுந்தது. அதன் பிறகு ஒரு விரல்கூட அசையவில்லை. அவர் மேல் கிடந்த கேலப் ஹஃப்மன் திடீரென்று மலை போலத் தெரிந்தான். சிறுமி அழுதாள். சிறுமியின் அப்பாவும் அழுதார். காகிதக் கோப்பைகள் பறந்தன. நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஊர் அவனை மனதார வெறுத்தது.

கேலப் இரண்டு கையையும் உயர்த்தினான். மூன்றாம் வரிசையில் அம்மையார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பதை அவன் பார்த்தான். ஷெரில் மேசை மேல் ஏறி நின்று கைதட்டினாள்.

உடைமாற்றும் அறையில் அவன் ஒரு பெஞ்சில், கோட்டைக் கழற்றாமலே, அம்மையார் கூப்பிடுவார் என்று காத்திருந்தான். அம்மையார் வந்தார். எல்லோரிடமும் முறைப்படி கை குலுக்கினார். நேரே போய், முட்டியில் பனிக்கட்டிப் பை வைத்துக்கொண்டிருந்த நார்மன் முன்னால் நின்றார்.

"மிஸ்டர் டப்ஸ், அந்தக் கை கயித்துக்குப் போச்சே, அதை முன்னாடியே பேசி வெச்சிருந்தீங்களா?"

"இல்லைங்க. நான் இன்னைக்கு ஜெயிக்கிறதா இருந்துச்சு."

"தெரிஞ்சுது," என்றார் அம்மையார். "எங்ககிட்ட ஏழடி உயரத்துல பன்னெண்டு பசங்க இருக்காங்க. எல்லாருக்கும் ஜெயிக்கணும். அவங்க கிட்ட தோத்து அவங்களைப் பெரியவங்களாக் காட்ட ஒரு ஆள் கிடைக்கலை. திங்கள்கிழமை ஃப்ளோரிடாவுக்கு வர முடியுமா?"

நார்மன் பையை முட்டியிலிருந்து எடுத்தார். "மதியச் சாப்பாடு முடிச்சிட்டு வரலாமா? அன்னைக்குப் பசங்களுக்கு மக்ரோனி."

கேலப் தொண்டையைக் கனைத்தான். "மேடம், ஜெயிச்சது நான்."

"பார்த்தேன்பா," என்றார் அவர், கோழிக்குஞ்சைவிட மெதுவாக அவன் கையைப் பிடித்து. "உங்கம்மாகிட்ட அந்த கேக் எப்படிப் பண்றதுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கிட்டேன்."

இப்போது நார்மன் டப்ஸ் வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் ஒன்றரை நிமிடத்தில் தோற்கிறார். நாடு முழுக்க அவருக்காக அழுகிறது. எங்கள் டயர் கடையில் அந்த நேரம் தொலைக்காட்சி ஓடும். சக்கரம் மாட்ட வந்தவர்களிடமெல்லாம் கேலப் திரையைக் காட்டி, "அந்த ஆளை நான் ஜெயிச்சிருக்கேன்," என்பான். அறுபத்தொரு தோல்விக்கு ஒரு வெற்றி. அதுவும் உண்மைதான், மறுக்க முடியுமா? "அப்ப நீங்க ஏன் அங்க இல்ல?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அன்று லொரெய்ன் வோஸ் உட்கார்ந்த இடத்திலிருந்து களம் சரியாகத் தெரியாது என்று கேலப் அவருக்குப் படம் போட்டு விளக்கினான். நான்கு சக்கரமும் மாட்டி முடிகிற வரை விளக்கினான்.

பாவம், மல்லர்கள், படிக்காத பிள்ளைகள், தோற்கத் தெரியவில்லை என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நல்லது. வீட்டில் "சரி, நீ சொல்றதே சரி" என்று ஒப்புக்கொண்ட பிறகு, சமையலறை வாசல் வரை போய், "ஆனா ஒண்ணு" என்று திரும்பி வருகிறவர் யார்? பதவி உயர்வு பெற்ற நண்பனை வாழ்த்தும் கடிதத்தில், தனக்கு அது முன்பே வந்ததாகவும் தான்தான் வேண்டாமென்றதாகவும் மூன்றாவது வரியில் சேர்க்கிறவர் யார்? மன்னிப்புக் கேட்டு முடித்ததும், மன்னித்தவருக்கே தவறு யாருடையது என்று விளங்க வைக்கிறவர் யார்?

உங்களுக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மைத்துனராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பிவைக்கவும் தோன்றியிருக்கும். அனுப்புங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். உங்களுக்கு அனுப்ப அவர் ஏற்கெனவே உறை வாங்கிவிட்டதாகக் கேள்வி.