பழம் தின்னும் வரைக்கும்

விடோமிர் தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு சபதங்கள்தான் செய்திருக்கிறார். ஒன்று கல்யாணத்தன்று தேவாலயத்தில். மற்றொன்று ஒரு பிளம் கன்றை முன்னிட்டு. இரண்டு தடவையும் பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்தது. இரண்டு தடவையும் மனைவி கோசரா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். முதல் தடவையே அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தோன்றுகிறது.

கன்று வாங்கியது நவம்பரில், ஒரு வியாழக்கிழமை. சச்சாக் சந்தைக்கு அனுப்பும்போதே கோசரா சொல்லித்தான் அனுப்பினாள்.

"வாங்கினதும் நேரா வீட்டுக்கு வா. வேர்ல மண்ணு இருக்காது. காத்துப் பட்டாலே காஞ்சுடும்."

விடோமிர் நேராகத்தான் வந்தார். நேரான வழியில் கஃபானா என்கிற மதுக்கடை இருந்தால் அவர் என்ன செய்வார்? உள்ளே பக்கத்து வீட்டு ரடோயே சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். ஊற்றி வைத்த ரக்கியா சாராயம் காத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தார். அந்த ஐந்து நிமிடம் மூன்று மணி நேரம் ஓடியது. இத்தனைக்கும் கன்றை அவர் ஒன்றும் உதாசீனப்படுத்தவில்லை. அங்கிருந்த எல்லாரையும்விட நல்ல இடம் அதற்குத்தான் கிடைத்தது: கணப்படுப்பை ஒட்டி.

வீட்டில் கோசரா சாக்கைப் பிரித்தாள். வேர்கள் வறுத்த சேமியாபோல இருந்தன.

"இது என்ன?"

"பிளம் கன்னு."

"நடறதுக்கா, எரிக்கறதுக்கா?"

"பயணக் களைப்பு. குடிச்சா சரியாயிடும்."

"இன்னுமா குடிக்கணும்?"

"எனக்கில்ல, மரத்துக்கு!"

கோசரா வேரை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். மறுநாள் அவரையே குழி தோண்ட வைத்தாள். தண்டில் மூன்றில் ஒரு பங்கை அவர் கண்ணெதிரே கத்தரித்தாள். மிச்சமிருந்தது ஒரு குச்சி. கைத்தடி என்று சொன்னால் கைத்தடி கோபித்துக்கொள்ளும்.

அந்த வாரமே அவர்கள் குடும்பப் புனிதரின் திருநாள் வந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கோஸ் உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் குச்சியைச் சுற்றி நின்றார்கள்.

"டேய் விடோ, கொடிக்கம்பம் நட்டிருக்கே. கொடி எங்கடா?" என்றான் ரடோயே.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் போகட்டும். "பாவம், கஃபானாவுல அடுப்புப் பக்கத்துல வச்சுட்டாரு" என்று கோசரா மெல்லச் சொன்னதும் சிரிப்பு இரண்டு மடங்கானது. விடோமிருக்கு அப்போது மூன்றாவது கோப்பை. அந்தக் கோப்பையில் எப்போதுமே ஒரு வீரன் உட்கார்ந்திருப்பான். விறுவிறுவென்று உள்ளே போனார். திருநாள் மெழுகுவத்திக்கு முன்னால் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இது பிழைக்கும். காய்க்கும். இந்த மரத்துப் பழத்தை நான் தின்னுறவரைக்கும் கஃபானா வாசல்ல கால் வைக்க மாட்டேன்!"

சிரிப்பு நின்றது. கோசரா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை விடோமிர் வழக்கம்போலத் தொப்பியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டே?"

"சும்மா, காலாற நடந்துட்டு..."

"பழம் தின்னுட்டியா?"

தொப்பி ஆணிக்கே திரும்பியது.

அன்றுதான் விடோமிருக்குப் பயம் பிடித்தது. அந்தக் குச்சி செத்தால் அவருடைய வியாழக்கிழமைகளும் செத்தன. உடனே நாற்றுப்பண்ணைக்குப் போன் செய்தார். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். விடோமிர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அந்த ஸ்டேஷனில் ஒரு நாளைக்கு இரண்டே ரயில்தான் நிற்கும், விதிகள் மட்டும் நானூறு. எனவே கேட்டதையெல்லாம் பெரிய எழுத்தில் ஏழு விதிகளாக்கினார். அடியில் கையெழுத்திட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாத பழைய ரப்பர் ஸ்டாம்பையும் ஓங்கிக் குத்தினார். கோசரா அதைப் படித்துப் பார்த்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா இருக்கு. பிரிட்ஜ் கதவுல ஒட்டு" என்றாள்.

அன்றிலிருந்து விதிகளை வேலிக்கு மேலாக ரடோயேவுக்கும் ஓதினார்.

"வேரோட பிடுங்கி வேறிடத்துல வச்சா மரத்துக்கு அதிர்ச்சிடா. பாதி வேர் பண்ணையிலேயே நின்னுபோச்சு. மீதி வேர்தான் முழு மரத்துக்கும் தண்ணி குடிச்சுத் தரணும்."

"தெரியுதே. உன்னையும் கஃபானாவுல இருந்து பிடுங்கி வீட்டுல நட்டாச்சே. மூஞ்சி வாடித்தான் இருக்கு."

"உரம் போடக் கூடாது. முதல் வருஷம் அதால செரிக்க முடியாது."

"சரி. உனக்கு வாரத்துக்கு எத்தனை வாளி?"

காய்ந்துபோன மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது?

குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமை தவறாமல் வந்தது. வந்த வியாழனை என்ன செய்வது? கோசராவிடம் எப்போதும் ஒரு யோசனை இருந்தது. எட்டு வருஷமாகக் கீச்சிட்ட வாசல் கதவு வாயை மூடியது. சரக்கறைக்கு அலமாரி வந்தது. பரணைச் சுத்தம் செய்தபோது, ஐந்து வருஷமாக அவர் தேடிய நீச்சல் கால்சட்டை கிடைத்தது. அது இப்போது அவருடைய ஒரு காலுக்குச் சரியாக இருந்தது. பிப்ரவரியில் கோஸ் இலையில் இறைச்சியை வைத்து உருட்டக் கற்றுக்கொண்டார். நன்றாகவே உருட்டினார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மனைவியைக் கேட்டுக்கொண்டார். அவளும் தெருவோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரல் வந்தது. ரடோயே தோட்டத்துப் பிளம் மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கொட்டின. விடோமிரின் குச்சி குச்சியாகவே நின்றது. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை! உயிர் இருக்கிறது! சந்தோஷத்தில் மறுநாளும் சுரண்டினார். அதற்கு மறுநாளும்.

"மனுஷா, அதோட நாடியைப் பாக்கறேன்னு தோலை உரிச்சுட்டே இருக்கியே. உன்னை ஒருத்தன் தினம் சுரண்டினா நீ துளிர்ப்பியா?" என்றாள் கோசரா.

"உயிரோட இருக்கான்னு..."

"இருக்கு. உன்னைத் தாங்கிக்கிட்டு இருக்கு."

அவள் தண்டைச் சுற்றி மெல்லிய சாக்கைக் கட்டினாள். பாத்தியைச் சீர்செய்து, வைக்கோலைத் தண்டில் படாமல் பரப்பினாள். வாரத்துக்கு இரண்டு வாளி, அதுவும் குவளை குவளையாக. விடோமிர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றினார். ஊற்றும்போது மெதுவாகப் பேசவும் செய்தார். தண்ணீரின் மகிமையை அவர் வாயால் கேட்ட முதல் உயிர் அந்த மரம்தான்.

மாதக் கடைசியில் துளிர் வந்தது. கூடவே, யாரும் கேட்காமலே, ஏழெட்டுப் பூ. மே மாதம் மூன்று பிஞ்சு நின்றது. மூன்று! விடோமிர் விரல்விட்டு எண்ணினார். ஆகஸ்டில் பழுத்துவிடும். ஒன்று போதும், சபதம் தீர. மற்ற இரண்டும் பாதுகாப்புக்கு. அவற்றுக்குப் பெயர்கூட வைத்தார்: வியாழன், ரக்கியா, சீட்டு.

ஜூனில் ஒருநாள் ரடோயேவை வேலி வழியாக இழுத்துவந்தார்.

"வந்து பாரு. ஆகஸ்ட்ல எனக்கும் சேத்துச் சீட்டுப் போடு."

மரத்தடியில் கோசரா நின்றிருந்தாள். மரத்தில் இலைகள் இருந்தன, ஓரம் லேசாகக் கருகி. வேறொன்றும் இல்லை. அவள் உள்ளங்கையில் மூன்று பச்சைப் பிஞ்சுகள் இருந்தன.

"என்னடி பண்ணினே?"

"இலை கருகுது பாத்தியா? வெயில் ஏறிடுச்சு, வேர் இன்னும் பிடிக்கல. இருக்கிற கொஞ்சநஞ்ச சத்தையும் இந்த மூணும் உறிஞ்சுதுங்க. காய் வேணுமா, மரம் வேணுமா?"

"யார் சொன்னா?"

"ஏழாவது விதி. முதல் மூணு வருஷம் பிஞ்சு விட்டா கிள்ளிடணும். உன் கையெழுத்து. உன் ஸ்டாம்பு."

"மூணு வருஷமா!"

"நீதான் தெரு முழுக்க ஓதினியே."

ரடோயே வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். விடோமிரின் மூளை, மூன்றாவது கோப்பை இல்லாமலேயே, மின்னல் வேகத்தில் வேலை செய்தது. மரத்தினுடையதைத் தின்றால் போதும் அல்லவா? அவள் கையிலிருந்து ஒரு பிஞ்சைப் பறித்தார். வாயில் போட்டார். கடித்தார்.

கண் இரண்டும் மூடிக்கொண்டன. காது இரண்டும் பின்னால் போயின. நாற்பது வருஷத்தில் குடித்த ரக்கியா எல்லாம் ஒரே நேரத்தில் விலகி ஓடியதுபோல நாக்கு வறண்டது. ஆனாலும் விழுங்கினார். தொப்பியை எடுக்க வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"தின்னாச்சு! ரடோயே, நீதான் சாட்சி! கிளம்பு!"

"நில்லு" என்றாள் கோசரா. "ரடோயே, அன்னிக்கு மெழுகுவத்தி முன்னாடி இவர் என்னன்னு சொன்னாரு?"

ரடோயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நண்பனைப் பார்த்தான். பொய் சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. ஆனால் அன்று முப்பது பேர் கேட்டிருந்தார்கள்.

"மரத்துப் பழத்தைத் தின்னுறவரைக்கும்னு..."

"அவரு தின்னது காய்."

விடோமிர் மிச்சமிருந்த இரண்டு பிஞ்சுகளையும் பார்த்தார். பிறகு, குற்றமே செய்யாத மரத்தைப் பார்த்தார். அதற்கு இன்னும் மூன்று வருஷம் அதிர்ச்சி. அவருக்கும்.

ரடோயே மறுபடி வெடித்துச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியில் சாய்ந்தான். கோசரா அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கணவனின் பக்கம் திரும்பினாள்.

"நவம்பர்ல சந்தைக்குப் போறப்ப இன்னொரு கன்னும் வாங்கிட்டு வா. ரடோயே பொண்டாட்டி கேட்டிருக்கா. வேரை நல்லா காய வச்சே கொண்டு வரணுமாம்."