ஆணி அண்ணே திறந்து வைத்த மூடி

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், கடல் தாண்டி நாங்கள் பிழைக்க வந்த ஜார்ஜ் டவுனில் எந்தச் சிப்பாய்க்கும் தலைகுனியாத ஒரே தமிழர் ஆணி அண்ணேதான். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. குனிய வேண்டிய நேரத்தில் அவர் சாக்கடைக் குழாய்க்குள் இருப்பார்.

நான் சாக்கடைப் பிரிவில் குமாஸ்தா. அவர் குழாய்க்குள் தவழ்ந்துபோய் கான்கிரீட் எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்த்து வருவார்; நான் அதை அச்சடித்த பாரத்தில் எழுத வேண்டும். அவருடைய ஒரே கருவி ஆறங்குல ஆணி. ஓங்கிக் குத்துவார். எத்தனை விரற்கடை உள்ளே போகிறதோ அத்தனை அரிப்பு. அதோடு விட்டாரா? என் மேசையைக் குத்துவார், ரேஷன் சவுக்காரத்தைக் குத்துவார். மதியம் என் டப்பாவிலிருக்கும் மரவள்ளிக் கிழங்கையும் அதே ஆணியால் குத்திவிட்டு, "வேகல தம்பி" என்பார். அந்த ஆணி எங்கெங்கே போய்வந்தது என்று தெரிந்தவனுக்குச் சாப்பாடு எப்படி இறங்கும்?

ஒருநாள் டத்தோ கிராமாட் சாலையிலிருந்து சேறும் சகதியுமாக வந்தார். அங்கே ரேஷன் அரிசிக்கு ஜனங்கள் வரிசை நிற்கும் இடத்துக்கு நேர் கீழே பெரிய குழாய் ஓடுகிறது.

"நாலு விரக்கடை போகுது. வரிசைய எதிர்ப்பக்கம் மாத்தச் சொல்லு தம்பி."

பாரத்தில் குழாயின் அடிப்பகுதிக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. அடி எப்படி என்று கேட்டேன்.

"அடி நல்லாத்தான் இருக்கும் லா, தண்ணி ஓடுதுல்ல. நாத்தக் காத்து மேல ஏறி குழாயோட கூரையத்தான் தின்னும்."

கூரைக்குக் கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தைக் கோடு போட்டுச் சேர்த்த பழைய குமாஸ்தா ஜப்பானிய அதிகாரியிடம் வாங்கிய அறையை நான் பார்த்திருக்கிறேன். 'நலம்' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. தினமும் விடிந்ததும் அரிசிக் கடை முன்னால் சாக்கடை மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நாற்றம் தாங்காமல் வரிசை எதிர்ப்பக்கம் ஓடியது. தெருவே அவரைத் திட்டியது. அந்த வரிசையில் என் மனைவியும் ஒருத்தி, ஆறு மாதக் கர்ப்பிணி. வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்துவிட்டு என்மேல் பாய்வாள். எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

பொறுக்கமுடியாமல் போய்க் கத்தினேன். மூடாவிட்டால் அதிகாரியிடம் சொல்லிவிடுவேன் என்றுகூட மிரட்டினேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"மூடினா எல்லாரும் இங்கதான் வந்து நிப்பாங்க லா."

அந்த வாரக் கடைசியில் விறகு ஏற்றிய ராணுவ லாரி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. கடை முன்னால் சாலை அப்படியே உள்ளே போனது. டிரைவர் சிராய்ப்போடு ஏறி வந்துவிட்டான்; அண்ணே லாரியைக் கண்டதுமே எழுந்து விலகியிருந்தார். வரிசை வழக்கமாக நின்ற இடத்தில் நாலு பேரைப் புதைக்கிற பள்ளம். எதிர்ப்பக்கம் ஜனங்கள் மூக்கைப் பிடித்தபடி நின்றார்கள். மூன்றாவதாக என் மனைவி.

அதிகாரி என் பாரத்தோடு வந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அடிப்பகுதி நலமாகவே இருந்தது. பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் வெட்கத்தில் நிமிர முடியவில்லை.

மறுநாள் மனைவி இரண்டு டப்பாவில் கிழங்கு கொடுத்தனுப்பினாள். அண்ணே தன்னுடையதைக் குத்திப் பார்த்து, "வேகல தம்பி" என்றார். என் டப்பாவையும் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். கழுவாத ஆணிதான். அன்றைக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.